பிடிமானம் உளுத்த சட்டத்தில் புதிய ஸ்பிரிங் எதற்கு?

பாலாற்று மணலிலும் ஜவ்வாது மலைச் சரிவிலும் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே பழைய ஜீப்பையும் ஜிப்ஸியையும் தேடி வாங்கி, அவற்றுக்கு உயரமான ஸ்பிரிங் பட்டைகளையும் புதிய ஷாக் அப்சார்பர்களையும் பெரிய டயர்களையும் பூட்டி மகிழும் ஆசை நம் இளைஞர்களிடையே வெகுவாகப் பரவிவரும் இந்நாளில், அந்தப் பட்டைகளின் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டிய அடிச்சட்டத்தின் பிடிமான ஸ்தானங்கள் துருவேறி உளுத்துப் போயிருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சொற்பமாக இருப்பது எனக்கு உண்மையாகவே அச்சத்தைத் தருகிறது. அழகுக்காகச் செய்யும் செலவை நான் குறை கூறவில்லை. ஆதாரத்தைச் சோதியாமல் செய்யும் செலவு உயிருக்கு ஆபத்து என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவை அடுத்து வசிக்கும் நெசவுக் குடும்பத்து இளைஞர் ஒருவர், தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய ஜிப்ஸி ஒன்றை வாங்கினார். 1985-ல் மாருதி நிறுவனம் அறிமுகம் செய்த அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். ஏணிபோன்ற அடிச்சட்டத்தில் பற்றவைத்த தாங்கிகளிலேயே அப்பட்டைகளின் முனைகள் மாட்டப்பட்டிருக்கும். புதிய ஸ்பிரிங் கட்டும் ஷாக்கும் பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தயாராயிருந்த நிலையில், பின்பக்கத்தில் பட்டையின் முனையைத் தாங்கியோடு இணைக்கும் ஷேக்கிளைக் கழற்றிய மெக்கானிக், தாங்கியைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலிக்கவேண்டிய இரும்பு சொத்தென்று மந்தமாக ஒலிக்கவே, ஸ்க்ரூ டிரைவரின் முனையை அங்கே அழுத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது. “தம்பி, இதுல புது ஸ்பிரிங்கைப் போட மாட்டேன், முதல்ல சேஸைச் சரி பண்ணுவோம்” என்று அவர் சொன்னதைக் கேட்டு இளைஞரின் முகம் வாடியது. கூலியை வாங்கிக்கொண்டு வேலையை முடித்து அனுப்புவது எளிதாயிருந்தும் மறுத்து நின்ற அந்தத் தொழிலாளியின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

துரு ஏன் அந்த இடத்தையே தேடிச் சென்று பிடிக்கிறது? ஒரு தகட்டின்மேல் மற்றொரு தகட்டை வைத்துப் பற்றவைத்த இடுக்குகளில் புகுந்த நீர் எளிதில் உலர்வதில்லை. நாற்புறமும் மூடிய சட்டத்தின் உட்புறத்தில், அடியிலுள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டுவிட்டால், ஒரு மழைக்காலத்து ஈரம் அடுத்த மழைக்காலம் வரையில் அங்கேயே தங்கக்கூடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவாமல் நிறுத்திய வண்டிக்கும் இந்த வியாதி விரைவாகவே வந்துவிடும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால் இடுக்கிலுள்ள தகடுகளை அது நெம்பிப் பிரிக்கிறது. வெளியில் பெயின்ட் சற்றே உப்பியிருப்பதாகத் தோன்றும் இடத்தில் உள்ளே பாதிக் கனம் போயிருக்கக்கூடும். இத்தகைய பலவீனத்தின்மேல் விறைப்பான ஸ்பிரிங்கையும் நீண்ட ஷேக்கிளையும் மாட்டினால், முன்பு ஸ்பிரிங்கே வாங்கிக்கொண்ட அதிர்ச்சியில் பெரும்பகுதி நேராகத் தாங்கியில் சென்று இறங்குகிறது. ஷேக்கிள் நீளும் அளவுக்குப் பக்கவாட்டு நெம்பலும் கூடுகிறது. பழைய ஸ்பிரிங்கோடு இன்னும் சில வருஷம் ஓடியிருக்கக்கூடிய சட்டம், புதிய ஸ்பிரிங்கின் முதல் மலைப்பயணத்திலேயே கிழியலாம்.

செம்மையான ரிப்பேர் பொறுமையான காரியம். வெட்டுவதற்கு முன்பே இருபுறத்துத் தாங்கிகளின் இடைவெளியையும் குறுக்களவையும் குறித்துக்கொண்டு, சட்டம் வளையாதபடி முட்டுக் கொடுத்து, பெட்ரோல் டாங்கை இறக்கி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றியபின், பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும் வரையில் துருப்பட்ட பகுதி முழுவதையும் வெட்டியெடுக்க வேண்டும். பழைய தகட்டின் கனத்துக்கு இசைந்த புதுத் தகட்டை, அதன் ஓரம் சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் முடிந்துவிடாமல் சாய்வாக முடியும்படி வெட்டி, இடைவெளியின்றிப் பற்றவைக்க வேண்டும். செங்குத்தான பற்றில் பாரம் முழுவதும் ஒரே கோட்டில் குவிந்து, பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். எங்கள் ஊர் நெசவாளர் மூன்று நாடாக்களைக் கொண்டு புடவையின் உடலையும் கரையையும் கோர்வையாகக் கோர்க்கும்போது, இரண்டு நிறத்து இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் உடல் நைந்தாலும் கரை பிரிவதில்லை. பழைய இரும்பும் புதிய இரும்பும் சேரும் இடமும் அத்தகைய உறுதியோடு அமைய வேண்டும். பிறகு துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசி, சட்டத்தின் உட்குழிவில் மெழுகுக் கலவையைப் பீய்ச்சி, வடிகால் துளைகளைத் திறந்துவைக்க வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பதிலாக, துருவின்மேலேயே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறவர்களும் உண்டு. வாங்குகிறவன் மனைவி மக்களோடு மலை ஏறப்போகிறவன் என்பதை அறிந்தே செய்யும் இக்காரியத்தை நான் வஞ்சகம் என்றே சொல்வேன்.

பெரிய கம்பெனிகளும் துருவின் கையில் அகப்பட்டதுண்டு. டகோமா முதலிய தன் வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்த வழக்கில், ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதித்துத் தேவையானவற்றுக்குச் சட்டத்தையே மாற்றித் தர, 340 கோடி டாலர் வரையில் செலவாகக்கூடிய சமரசத்துக்கு டொயோட்டா 2016-ல் அமெரிக்காவில் இணங்கியது. நம் நாட்டிலோ, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உதவியதால் காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்பு அரிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்த ஞானம் நம் பட்டறைகள் வரையில் வந்து சேர வேண்டாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அது நியாயமே. ஆனால் வண்டியில் எதைக் கூட்டினார்கள் என்று பார்க்கும் கண், அதில் எது கரைந்துபோயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1960 முதல் நடைபெறும் வருஷாந்தரப் பரிசோதனையில், ஸ்பிரிங், ஸ்டியரிங், பிரேக், ஸீட் பெல்ட் ஆகியவற்றின் பிடிமானத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் சட்டத்தின் பலத்தைக் கெடுக்கும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி தேறாது; அங்கே செய்யும் ரிப்பேரும் தொடர்ச்சியான பற்றாக இருந்தாக வேண்டும். 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு சொந்த வண்டியையும் நம் போக்குவரத்து அலுவலகங்கள் குழியின்மேல் நிறுத்தி, இதே 30 சென்டிமீட்டர் வட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தே சான்று வழங்க வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு குழி, ஒரு விளக்கு, ஒரு சுத்தியல், சிரத்தையுள்ள ஒரு மனிதர் ஆகியவையே. சட்டத்தை வெட்டிப் பற்றவைக்கும் பட்டறைகளும், எந்தத் தாங்கியில் என்ன கனத் தகடு வைக்கப்பட்டது என்பதைப் பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படத்தோடு ரசீதில் எழுதிக் கொடுக்கட்டும். வண்டி கைமாறும்போது அந்த ரசீதும் பதிவுப் புத்தகத்தோடு சேர்ந்தே புதிய சொந்தக்காரரிடம் செல்லட்டும்.