தாளில் இடம் பெறுவது எது?

மனிதன் எதனை எழுதி வைக்கிறானோ அதனையே அடிக்கடி நினைவுகூர்கிறான். கடன் கணக்கை எழுதி வைத்தவனுக்குக் கடன் மறப்பதில்லை. எழுதாமல் விட்ட நன்றியோ நாளடைவில் மறந்தே போகிறது. இவ்வுண்மை ஒரு விளையாட்டுக்கும் பொருந்தும் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு அது. பணயம் எதுவும் இதில் இல்லை. நடுவராக அமர்ந்தவர் சூழ்நிலையை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று கூறுவர். ஐயத்திற்குரிய செயல் கைகூடியதா என்பதைப் பகடை காட்டும். இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கிய இவ்விளையாட்டு, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள் இருந்தன. வலிமை, அறிவாற்றல், விவேகம், உடலுறுதி, லாவகம், பிறரைக் கவரும் திறன் ஆகிய ஆறு பண்புகளுக்கும் மூன்று பகடைகளை உருட்டி, 3 முதல் 18 வரை எண் இட வேண்டும். ஆனால் அவற்றைக் குறித்து வைக்க அச்சிட்ட தாள் பெட்டியில் இல்லை! நூலினுள் ஒரு மாதிரிக் குறிப்பு மட்டுமே இருந்தது. எனவே ஆடியவர்கள் தாமே கோடு கிழித்துத் தாள் அமைத்துக்கொண்டனர். பின்னர் அச்சுத் தாள்கள் கடைகளுக்கு வந்தபோதும் இவ்வழக்கம் மறையவில்லை. இன்றும் பலர் தம் தாளைத் தாமே வரைகின்றனர்.

வரைவது எப்படி? முதலில், ஆட்டத்தின்போது கண் எவற்றைத் தேடுகிறது என்பதைப் பட்டியலிட வேண்டும். அடிக்கடி தேடுவது மேலே வரட்டும். எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது கீழேயோ பின்பக்கத்திலோ போகட்டும். பெயரும் ஊரும் மாறுவதில்லை. அவற்றிற்குச் சிறிய இடம் போதும். பட்ட காயமும் கையிருப்புப் பொருளும் நொடிக்கு நொடி மாறுபவை. எழுதி அழித்து எழுதுவதால் அவ்விடம் விரைவில் கிழிந்துபோகும். ஆதலின் அவற்றிற்குப் பெரிய கட்டம் தேவை, பென்சிலே ஏற்றது. ஓர் எண் எந்தெந்த எண்களைக் கூட்டி வந்தது என்பதையும் அதனருகிலேயே காட்டினால், பின்னர் திருத்துவது எளிது. வரைந்தபின் அத்தாளைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். அத்தடுமாற்றம் அவருடைய குறையன்று, தாளின் குறையே.

இவையனைத்தும் வசதி பற்றியவை. இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. என்ன செய்வதென்று தோன்றாதபோது ஆடுபவர் தம் தாளைத்தான் பார்க்கிறார். அதில் வாளும் ஈட்டியும் மட்டுமே இருந்தால், அவர் வாளைத்தானே உருவுவார்?

இதனை நன்கு உணர்ந்தவர் கிரெக் ஸ்டாஃபோர்டு. பிரிட்டனின் ஆர்தர் மன்னர் கதைகளைத் தழுவி 1985-இல் அவர் வெளியிட்ட 'பெண்டிராகன்' என்னும் விளையாட்டின் தாளில், ஆயுதங்களோடு 13 இணைக் குணங்களும் இடம் பெற்றன. இரக்கத்திற்கு எதிரே கொடுமை. வாய்மைக்கு எதிரே வஞ்சகம். மன்னிப்புக்கு எதிரே பழிவாங்கல். அடக்கத்திற்கு எதிரே செருக்கு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. ஈகை 14 என்றால் தன்னலம் 6. ஒன்று உயர்ந்தால் மற்றது தாழ்ந்தே தீரும். குணம் குறிப்பிடத்தக்க வகையில் செயலில் வெளிப்பட்டால், அதனருகே உள்ள சிறு கட்டத்தில் குறியிடுவர். கதையில் குளிர்காலம் வரும்போது, குறியிட்ட குணங்கள் வளர்ந்தனவா என்று பகடையால் சோதிப்பர்.

விளைவு என்ன? வீழ்ந்த பகைவன் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, ஆடுபவர் சற்றே நிற்கிறார். அவர் பார்வை வாளிலிருந்து நகர்ந்து இரக்கம் என்ற சொல்லின்மேல் விழுகிறது. அந்த ஒரு கணத் தயக்கத்தை உண்டாக்கியது ஒரு வரி எழுத்தும் ஒரு சிறு கட்டமுமே!

ஆகவே தாள் வரைய அமர்பவர், அளவுகோலை எடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இப்பாத்திரம் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது? யாரை இழக்க அஞ்சுகிறது? எச்செயலை எந்நிலையிலும் செய்யாது? இம்மூன்றுக்கும் மூன்று வரிகள் ஒதுக்கினால் போதும். தாளில் அதற்குமேல் இடம் பிடிக்காது. ஆனால் கதை செல்லும் திசை மாறிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இத்தகைய தாளொன்றை வரைந்து கொண்டுவந்து காட்டினால், கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எதற்கெல்லாம் இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனித்துப் பாருங்கள்.