மொத்தமாகச் சொல்லுங்கள், வரிசை மாறாமல்
ஒரு நிரல் 1 ஜிபி நினைவகத்தை விடுவித்தால், 4 கேபி பக்கக் கணக்கில் லினக்ஸ் கர்னல் பக்க அட்டவணையில் 2,62,144 பதிவுகள் வரை அழிக்க வேண்டியிருக்கும். அழிப்பதில் பெரிய செலவில்லை. அந்த நிரல் ஓடும் ஒவ்வொரு பிராசஸர் கோரும் அந்தப் பக்கங்களின் பழைய முகவரியை டிஎல்பி என்னும் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்குமே, அதை மறக்கச் சொல்லி, பல பிராசஸர்களில் வேலையின் நடுவே குறுக்கிடுவதுதான் நேரத்தைத் தின்கிறது. அதனால்தான் அழித்தவற்றைச் சேர்த்து வைத்து மொத்தமாக அறிவிக்கிறது கர்னல். 2024-இல் வந்த லினக்ஸ் 6.9, ஆர்ம் 64-பிட் பிராசஸர்களில் அடுத்தடுத்த 16 பக்கங்களை ஒரே 64 கேபி தொகுப்பாகக் கையாளவும் வழி செய்தது. புதிய சிப்புக்குப் பணம் கொட்டுவதைவிட இந்தப் பொறுமையான சீர்திருத்தங்களையே நான் மதிக்கிறேன். ஏற்கெனவே கையில் இருக்கும் கணினிக்கும் அவை பலன் தருகின்றன. ஆனால் வரிசை மாறக் கூடாது. அறிவிப்பு போய்ச் சேருமுன் அந்தப் பக்கம் வேறொரு நிரலுக்குப் போய்விட்டால், பழைய நிரலின் இன்னொரு இழை அதில் எழுதலாம், அடுத்தவர் கடவுச்சொல்லைக்கூடப் படிக்கலாம். கர்னலில் எம்எம்யூ கேதர் என்னும் பகுதி அந்தப் பக்கங்களைப் பிடித்து வைத்திருந்து, டிஎல்பி துடைக்கப்பட்ட பிறகே விடுகிறது. இந்தக் காத்திருப்பில் கைவைத்து நேரம் மிச்சம் பிடிக்க வரும் எந்தத் திருத்தத்தையும் என்னால் ஏற்க முடியாது.