பெயர் எழுதாத பெட்டிகள்

ஹாம் வானொலிக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது வானொலியாக இருக்காது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் அலறும் மணி. மின்சாரம் போன மறுகணம் தானே எரியும் விளக்கு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ரிலே தட்டும் ஸ்டெபிலைசர். வாசல் மணி, மீன் தொட்டியின் விளக்கை மாலையில் போட்டு இரவில் அணைக்கும் டைமர், காருக்கு ஒரு பேட்டரி சார்ஜர். எதிலும் கம்பெனிப் பெயர் கிடையாது. சிலவற்றின் உடம்பு ஒரு காலத்தில் டிபன் டப்பாவாக இருந்தது என்பது மூடியைப் பார்த்தாலே தெரியும்.

வானொலி மேலே, மாடி அறையில் இருக்கும். பொழுதுபோக்கு அதுதான். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு அழைப்புக் குறியோடு உலகத்தின் மறுகோடியில் இருப்பவருடன் சொந்த வானொலி நிலையத்திலிருந்து பேசுவது. இந்தியாவில் 1921 முதல் இருந்துவரும் பழக்கம் இது. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் வி.யு.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறி கொண்ட ஹாம்தான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் கிளைத்தொழில்கள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கடல் கடந்து பேசியதற்கான அஞ்சலட்டைகள் சுவரில் மாட்டப்படுகின்றன. தொட்டி மணி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது.

ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிக் கிளைக்கிறது என்பதற்கு 13.8 என்ற எண்ணே போதும். இன்றைய ஹாம் வானொலிகளில் பெரும்பாலானவை 13.8 வோல்ட்டில் ஓடுபவை. என்ஜின் ஓடும்போது காரின் 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். வண்டியிலும் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. வீட்டில் வைத்து ஓட்ட, 230 வோல்ட்டை 13.8 ஆக இறக்கி, 20 ஆம்பியர் வரை தளராமல் தரும் ஒரு சாதனம் தேவை. கடையில் வாங்கினால் விலை அதிகம். ஆகவே ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர், டயோடுகள், பால் டப்பா பருமனில் கபாசிட்டர்கள், அலுமினிய வெப்பத் தகட்டில் வரிசையாக முடுக்கிய 2 என் 3055 டிரான்சிஸ்டர்கள், கட்டுப்படுத்த 723 என்ற ஐ.சி. இதை ஒரு தடவை கட்டி முடித்தவருக்கு கார் பேட்டரி சார்ஜர் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவசர விளக்கு அரை நாள் வேலை. இதற்குள் அக்கம்பக்கத்தில் செய்தி பரவிவிடும். பிறகு ஓயாத கோரிக்கைகள்தான்.

பின்னணியில் இருந்தது பற்றாக்குறை. 1970-கள் வரை இந்திய ஹாம்களுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டாம் உலகப் போரில் மிச்சமான ராணுவத் தளவாடங்களும், தங்கள் கையால் செய்துகொண்டவையும்தான். வெளிநாட்டு சாதனங்களுக்கு இறக்குமதி வரி கொல்லும். 1984-ல் அந்த வரி விலக்கப்பட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அதுவரை மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லி செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட், கொல்கத்தாவின் சாந்தினி சந்தை, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, ஹைதராபாத்தின் கோட்டி, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவைதான் ஷோரூம்கள். 1969-ல் தில்லியிலிருந்து வரத் தொடங்கிய 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' மாத இதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருக்கும் டிரான்சிஸ்டர் கிடைக்காதபோது எதை மாற்றாகப் போடலாம் என்று கடைக்காரரிடமே யோசனை கேட்ட தலைமுறை அது. கடைக்காரர் சொன்ன யோசனை பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

தொட்டி மணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பார்ப்பதற்கு மிக எளிமை. தொட்டியின் மேல்மட்டத்தில் இரண்டு கம்பிகள். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டதும் அதன் வழியாக மிகச் சிறிய மின்சாரம் பாயும். அதை ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கும். 1972 முதல் விற்பனையில் இருக்கும் 555 என்ற டைமர் ஐ.சி. அதை அலறலாக மாற்றும். செலவு ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. முதல் நாள் அமர்க்களமாக வேலை செய்யும். குடும்பமே கைதட்டும்.

இரண்டு மாதம் கழித்து மணி அடிக்காது. தண்ணீர் மட்டும் கூரையிலிருந்து கொட்டும். ஏறிப் பார்த்தால் செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். ஒன்று பாதி கரைந்தே போயிருக்கும். நேர்மின்சாரத்தைத் தண்ணீருக்குள் தொடர்ந்து விட்டால் மின்னாற்பகுப்பு நடக்கும், பாசிட்டிவ் முனை கரையும் என்பது பள்ளிக்கூடத்து ரசாயனம். பாடப் புத்தகத்தில் படித்தபோது அது தேர்வுக்கான கேள்வி. தொட்டியில் நடந்தபோதுதான் அது தன் வீட்டுப் பிரச்சினை என்று புரிகிறது. அதன் பிறகு சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் காணாமல் போகும். எவர்சில்வர் கூடுதல் காலம் தாங்கும். இன்னும் விடாப்பிடியானவர்கள், கம்பிகளுக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை மட்டும் மின்சாரம் தருகிறார்கள். அல்லது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் தருகிறார்கள். கடைசியில் சிலர், தண்ணீருக்குள் கம்பியே வேண்டாம் என்று, மிதவையில் ஒரு காந்தத்தை வைத்து, குழாய்க்குள் மூடிய ரீட் சுவிட்சை அது தொடாமலே இயக்கும்படி செய்துவிடுகிறார்கள். ஒரு சாதாரண மணி இப்படி மூன்று நான்கு அவதாரம் எடுக்கிறது. ஒவ்வொரு அவதாரத்திலும் உள்ளே வயரிங் மாறுகிறது. இதுதான் பின்னால் சிக்கலாகிறது.

இந்தக் கிளைத்தொழில் தாய்த்தொழிலையே மிஞ்சியதும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வீட்டன் என்ற ஊரில் இருந்த குரோட் ரீபர் ஒரு ஹாம்; பிழைப்புக்குச் சிகாகோவில் ரேடியோ என்ஜினியர். வானத்திலிருந்து வானொலி இரைச்சல் வருவதாக கார்ல் ஜான்ஸ்கி கண்டறிந்ததைப் படித்த அவர், 1937-ல் தன் வீட்டுக் கொல்லையில் சுமார் 9.5 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனாவை எழுப்பினார். மரச்சட்டம், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, அதைத் திருப்புவதற்கு ஃபோர்டு மாடல் டி வண்டியின் பாகங்கள். பணமும் அவருடையதே. முதல் இரண்டு அலைவரிசைகளில் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவதாக 160 மெகாஹெர்ட்ஸில் பால்வீதி கேட்டது. பகலில் கார் என்ஜின்களின் தீப்பொறி இரைச்சல் இடைஞ்சல் செய்ததால் நள்ளிரவுக்கு மேல் விழித்து அளந்தார். தொழில்முறை வானியலாளர்கள் திரும்பிப் பார்க்காத துறையில் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனி ஆளாக உழைத்தார். அளந்ததையெல்லாம் எழுதி 1940 முதல் ஆய்விதழ்களில் வெளியிட்டார் என்பதால்தான் அந்தக் கொல்லைப்புற வேலை வானொலி வானியலின் தொடக்கமாக நிற்கிறது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியாத ஒரு பெரிய தகரக் கிண்ணம்.

நம் ஊர்ப் பெட்டிகளில் இல்லாதது இந்த எழுத்துதான். ஹாம்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். யாருடன் எத்தனை மணிக்கு எந்த அலைவரிசையில் பேசினோம் என்று பதிவேட்டில் நாள்தோறும் குறித்துவைக்கும் வழக்கம் அவர்களுடையது. அதே ஆள் தான் செய்த ஸ்டெபிலைசருக்கு ஒரு வரி எழுதிவைப்பதில்லை. 'எனக்குத்தான் தெரியுமே' என்ற நினைப்பு. இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது தனக்கே தெரியவில்லை என்பது தனிக் கதை. அன்றைக்குக் கிடைக்காத டிரான்சிஸ்டருக்குப் பதில் எஸ்.எல். 100 போட்டது, ஒரு ரெசிஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறதென்று மாற்றியது, மூன்றாவது அவதாரத்தில் பச்சை வயரை சிவப்பு வயரின் இடத்தில் கொடுத்தது எல்லாம் மறந்திருக்கும்.

அவர் இருக்கும்வரை இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஹாம்கள் காலமானால் உலகெங்கும் அவர்களை 'மௌனச் சாவி' என்று குறிப்பிடுகிறார்கள். தந்தி அடிக்கும் சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். பற்றாக்குறைக் காலத்தில் சால்டரிங் அயர்னைப் பிடித்த தலைமுறை இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறது. மனைவி, வேறு நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், மாடியில் ஓர் அறை நிறையப் பெட்டிகள். எது வானொலி, எது அதைச் சோதிக்கும் மீட்டர், எது பேட்டரி சார்ஜர் என்று வெளியே எழுதியிருக்காது. இன்னும் மோசம், வீடே அவர் கட்டிய பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால் எலெக்ட்ரீஷியன் வருவார், மூடியைத் திறப்பார், உதட்டைப் பிதுக்குவார். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைப்பதே வழி என்பார். அவர் மேல் குற்றமில்லை.

ஆபத்தும் உண்டு. பழைய ஹாம்கள் விரும்பிக் கட்டிய 807 வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் 600 வோல்ட்டுக்கு மேல் உண்டு. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிப்பதற்கென்று ஒரு ரெசிஸ்டரை இணைப்பார்கள். அது எரிந்துபோயிருந்தால் வெளியே அடையாளம் எதுவும் தெரியாது. கட்டியவர் பழக்கத்தால் ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்திருப்பார். சுத்தம் செய்யப் போகிற பேரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஓர் அட்டையில் 'உயர் மின்னழுத்தம், திறக்காதே' என்று எழுதி ஒட்ட ஒரு நிமிடம் ஆகும். ஒட்டியிருக்கும் பெட்டிகள் குறைவு.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆஷர் ஃபர்ஹான், வி.யு.2 இ.எஸ்.இ., 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்ற டிரான்ஸீவரை வடிவமைத்தார். 20 மீட்டர் அலைவரிசையில் ஏறத்தாழ 6 வாட் சக்தியில் பேசவும் கேட்கவும் கூடியது. வழக்கமாகப் பேசுவதற்கு ஒரு சுற்று, கேட்பதற்கு ஒரு சுற்று என்று இரண்டு இருக்கும். இதில் ஒரே பெருக்கிகள் இரண்டு திசையிலும் வேலை செய்யும், பாகங்கள் குறைந்துவிட்டன. கம்பி சுற்றுவதற்கு வெளிநாட்டு டோராய்டு வளையங்கள் எளிதில் கிடைக்காது என்பதால் அவர் எடுத்துக்கொண்டது தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர். ஹார்டுவேர் கடையில் சில்லறைக்குக் கிடைப்பது.

வாஷரைப் பயன்படுத்திய கெட்டிக்காரர்கள் லாமிங்டன் சாலையில் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். ஃபர்ஹான் செய்த வித்தியாசமான காரியம், எந்த டிரான்சிஸ்டர், எதற்காக அது, எத்தனை சுற்று, எது தவறலாம் என்று எல்லாவற்றையும் புரியும்படி எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். பல நாடுகளில் ஹாம்கள் அதைக் கட்டினார்கள், மாற்றினார்கள், மாற்றியதைத் திரும்ப எழுதினார்கள். பின்னர் அதன் அடுத்த வடிவங்கள் ஹைதராபாத்திலேயே கிட்டாகத் தயாராகி வெளிநாடுகளுக்குப் போயின. சுருள்களைக் கையால் சுற்றியவர்கள் உள்ளூர்ப் பெண்கள். வானொலியைச் சரிபார்க்கத் தேவைப்பட்ட அளவீட்டுக் கருவிகளையும் அவர் வீட்டில் செய்யும்படியே வடிவமைத்து வரைபடத்தோடு வெளியிட்டார். கடை விலையில் எட்டாத கருவிகள் அவை. (2010-ல் பஞ்சாரா ஹில்ஸில் தொடங்கிய 'லாமகான்' என்ற கலை அரங்கின் நிறுவனர்களிலும் அவர் ஒருவர். கிளைத்தொழிலுக்கு எல்லை கிடையாது போலும்.)

பற்றாக்குறை போய்விட்டதால் இந்தப் பழக்கமும் போய்விடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போர்டும் அதன் மலிவான நகல்களும் வந்த பிறகு வீட்டு வேலைகள் அதிகமாகத்தான் ஆகியிருக்கின்றன. தொட்டி மணி இப்போது கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் எழுதாத வியாதி முற்றிவிட்டது. பழைய பெட்டியைத் திறந்தால், பொறுமை இருந்தால், ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுத்த செம்புத் தடங்களைப் பின்தொடர்ந்து சுற்றைத் திரும்ப வரைந்துவிடலாம். புதிய பெட்டியில் மூளை முழுவதும் சிப்புக்குள் இருக்கும் நிரல். வயரைப் பின்தொடர்ந்து அதைப் படிக்க முடியாது. மூல நிரல் செய்தவரின் மடிக்கணினியில் இருக்கும். கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் பலவற்றின் மரப்பெட்டிக்குள், எந்த இடத்தில் எந்த வால்வு என்று காட்டும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கம்பெனி இல்லாமல் போன பிறகும் மெக்கானிக்குகள் அதைப் பார்த்தே பழுது பார்த்தார்கள். வீட்டில் செய்யும் பெட்டிக்கும் அவ்வளவு போதும். மூடியின் உட்புறம் ஒரு சுற்று வரைபடம், எத்தனை வோல்ட், எந்த வயர் எங்கே போகிறது, கடைசியாக மாற்றிய தேதி. நிரல் இருந்தால் அதன் அச்சுப் பிரதி. இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஹாமின் பெயரும் தொலைபேசி எண்ணும் பென்சிலில் இருந்தால், மாடி அறையை ஒழிக்க வரும் பிள்ளைகளுக்கு யாரைக் கேட்பது என்றாவது தெரியும். இப்போதைக்கு அவர்கள் கூப்பிடுவது பழைய இரும்புக்காரரை. அவர் டிரான்ஸ்ஃபார்மரை உடைத்துச் செம்பை மட்டும் தராசில் வைக்கிறார்.