வாசலில் காத்திருப்பவர்



அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1960-ஆம் ஆண்டு, படுக்கையும் அடுப்பும் அமைந்த ஊர்தியொன்றில், சார்லி என்னும் தம் நாயுடன் நாட்டைச் சுற்றி வந்தார். உணவும் உறைவிடமும் உடனே வந்தன. ஆயினும் திரும்பும் வழியில், வர்ஜீனியா மாநிலத்தில், பயணம் முடிந்துவிட்டதென அவர் உள்ளம் உணர்ந்தது. அதன்பின் எக்காட்சியும் மனத்தில் பதியவில்லை. வீடு சேர்வதே நோக்கமாயிற்று.

கூரையும் அடுப்பும் மட்டும் இல்லமாகிவிடா. நம் வரவை எதிர்நோக்கும் முகமே இல்லம். வெளியூரில் உழைத்துத் திரும்பும் மகனிடம், “எவ்வளவு கொண்டு வந்தாய்?” என்றா முதலில் கேட்கிறோம்? ஊதாரி மைந்தனைத் தொலைவிலேயே கண்ட தந்தை ஓடிச்சென்று தழுவினார், கணக்குக் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் விரைந்து வர விரும்பும் வீடாக நம் வீடு உள்ளதா? இன்றிரவு செபவேளையில் சிந்திப்போம்.