மார்புப் பட்டியா, மணிக்கூடா?

தொண்டைமானாற்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நமக்குக் கிடைத்தது. ஐம்பத்திரண்டு வயதான தம் தந்தையார் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர் என்றும், அண்மையில் உடற்பயிற்சி நிலையமொன்றிற் சேர்ந்து கிழமையில் மூன்று நாள் ட்ரெட்மில் என்னும் நடைப்பொறியில் நடந்து, பாரமும் தூக்கி வருகிறார் என்றும் அவர் எழுதுகிறார். தந்தையாருக்கு இதயத்துடிப்பை எண்ணிக் காட்டும் கருவியொன்றை வாங்கிக் கொடுக்க விருப்பமாம். கடைக்காரர் கையிற் கட்டும் மணிக்கூட்டைப் புகழ்கிறார். நண்பர்களோ மார்பிற் கட்டும் பட்டியே சரி என்கிறார்கள். எதை வாங்குவது என்பது அவர் வினா.

வினா சிறியது, விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. கருவி எதை அளக்கிறது, எவ்வாறு அளக்கிறது, அளந்து காட்டும் எண்ணை நாம் என்ன செய்யப் போகிறோம் என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதி முருகன் ஆலயமும் அதன் அருகே ஓடும் உப்பாறும் நினைவுக்கு வரும். அவற்றோடு, 1954ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த அவ்வூர் மைந்தர் மு. நவரத்தினசாமியின் பெயரும் நினைவுக்கு வருதல் வேண்டும். அயலூரான வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, திரும்பியும் நீந்தி வந்தார். இவர்கள் கடலில் இறங்கிய காலத்தில், கம்பியின்றி உடம்பில் அணியும் துடிப்புமானி கடைகளில் விற்பனைக்கு இருக்கவில்லை. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் அத்தகைய கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1980களின் தொடக்கத்திலேதான். ஆதலாற் கருவியில்லாமற் பயிற்சியில்லை என்று எவரும் மயங்க வேண்டா.

ஆயினும் கடலை வென்ற வீரர்களின் நிலை வேறு. நடுவயதில், நோயோடும் மாத்திரையோடும் பயிற்சியைத் தொடங்கும் தந்தையாரின் நிலை வேறு. அன்னாருக்கு அளவறிந்து உழைக்க ஒரு துணை வேண்டும் என்று மகன் நினைப்பது நியாயமே.

முதலில் இதயத்தின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது அவர் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிப்பது இயல்பு. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தம் வெளித்தள்ளப்படுகிறது என்று கொண்டால், 70 துடிப்பில் 4,900 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய 5 லீற்றர். நம் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதான். உழைப்பு மிகுந்து தசைகள் மேலும் ஒட்சிசனை வேண்டும்போது இதயம் விரைகிறது. நாட்பட்ட பயிற்சியாலோ அது ஒரே துடிப்பில் மிகுதியான இரத்தத்தைத் தள்ளப் பழகிக்கொள்கிறது. நெடுந்தூரம் ஓடுவோர் சிலரது நாடி ஓய்வில் 40, 50 என்று மெல்ல நடப்பது இதனாலேயே. ஆகவே துடிப்பின் எண்ணிக்கை உழைப்பின் அளவுகோலாகிறது.

அந்த அளவுகோலைக் காசு கொடாமலே பெறலாம். நம் சித்த வைத்தியர்கள் பெருவிரற்பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் என்று நாடி பார்ப்பதை யாவரும் அறிவர். அதே இடத்தில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்து, 30 செக்கன் எண்ணி, இரண்டாற் பெருக்கினால் நிமிடத் துடிப்பு வந்துவிடும். பெருவிரலால் எண்ணுதல் கூடாது. அதற்கும் தன் நாடி உண்டாதலின் கணக்குப் பிழைக்கும். இங்கிலாந்தின் ஜோன் புளோயர் என்னும் வைத்தியர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடி நிற்கும் மணிக்கூட்டைச் செய்வித்து, அதுபற்றி 1707இல் நூலும் வெளியிட்டார். மணிக்கூட்டுக்கும் நாடிக்கும் உள்ள உறவு புதியதன்று.

நிற்க. இனிக் கருவிகளுக்கு வருவோம். மார்புப் பட்டியும் மணிக்கூடும் ஒரே எண்ணைக் காட்டினாலும், அவை அளக்கும் பொருள் வேறு.

மார்புப் பட்டி அளப்பது மின்சாரத்தை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் அதனூடே ஒரு மெல்லிய மின்னலை பரவுகிறது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் வில்லெம் ஐந்தோவென் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை வரைந்து காட்டும் கருவியை அமைத்து, 1924இல் நொபெல் பரிசு பெற்றார். அவர் கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருத்தல் வேண்டும். இன்று அதே தத்துவம் சில கிராம் நிறையுள்ள பட்டியில் அடங்கிவிட்டது. உப்புநீருக்குப் பதிலாக நம் வியர்வையே மின்னைக் கடத்துகிறது. இதனாற்றான் உலர்ந்த உடம்பிற் பட்டியைக் கட்டியவுடன் அது தாறுமாறான எண்ணைக் காட்டும். கட்டுமுன் அதன் உட்புறத்தைச் சிறிது நீரால் நனைத்துக்கொண்டால் அக்குறை நீங்கும்.

மணிக்கூடு அளப்பது வெளிச்சத்தை. அதன் அடிப்புறத்திற் பச்சை விளக்குகள் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் இரத்தம் பெருகுவதால், திரும்பிவரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்த ஏற்றத்தாழ்வை எண்ணித்தான் மணிக்கூடு துடிப்பைச் சொல்கிறது. ஆகவே அது காண்பது இதயத்தை அன்று, மணிக்கட்டின் தோலை. கை அசைந்தாலும், பட்டி தளர்ந்தாலும், தோலிற் பச்சை குத்தியிருந்தாலும் கணக்குத் தடுமாறும். ஓடும்போது காலடியின் தாளத்தையே துடிப்பென்று எண்ணி, நிமிடத்துக்கு 160, 170 என்று காட்டி வீட்டாரைப் பதறவைப்பதும் உண்டு.

எனவே, எது நல்லது என்று கேட்பதைவிட, எந்தப் பயிற்சிக்கு எது பொருந்தும் என்று கேட்பதே தகும்.

நடைக்கும், நின்ற இடத்தில் மிதிக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் மணிக்கூடு போதியது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரலகலம் மேலே, ஆடாமலும் இறுக்கி வருத்தாமலும் அதனைக் கட்டுதல் வேண்டும். சிறிது நேரம் விரைந்தோடிச் சிறிது நேரம் இளைப்பாறும் பயிற்சிக்கு மார்புப் பட்டியே ஏற்றது. துடிப்பின் ஏற்ற இறக்கத்தை மணிக்கூடு தாமதித்தே அறியும். இரண்டுக்கும் நடுவே, மேற்கையிற் கட்டும் ஒளிப்பட்டியும் உண்டு. அங்கே அசைவு குறைவாதலின் மணிக்கட்டிலும் பார்க்க அது நன்றாக வேலை செய்யும். பயிற்சி நிலையப் பொறிகளின் கைபிடிகளிற் பதித்துள்ள உலோகத் தகடுகள் பிடித்திருக்கும்வரையே எண்ணும். கொள்ளைநோய்க் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்த விரற்கருவியோ அசையாதிருப்போருக்கு உரியது, பயிற்சிக்கு உதவாது.

பாரம் தூக்கும்போது கைபிடி இறுகுவதால் மணிக்கூடு அடிக்கடி பிழைக்கும். ஆனால் அங்கே துடிப்பின் எண் அவ்வளவு பெரிய செய்தியுமன்று. மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தை உயர்த்தினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது மூச்சை உள்வாங்குதல் தந்தையார் முதலிற் கற்கவேண்டிய பாடம். எந்தத் துடிப்புமானியும் இதனைச் சொல்லித்தராது.

கடலில் நீந்துவோர் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். புளூடூத் அலை நீருக்குள்ளே வெகு தூரம் செல்லாது; பட்டி தன்னுள்ளேயே பதிவு செய்து கரையேறிய பின் காட்டும் வகையைத் தெரிந்தெடுக்க வேண்டும். கடல்நீர் மின்னை நன்கு கடத்துவதால் பட்டியின் மின்வாய்கள் குழம்புதலும் கூடும்.

அடுத்து, எண்ணை என்ன செய்வது? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்பது பயிற்சி நிலையங்களில் வழங்கும் சூத்திரம். 52 வயதினருக்கு 168. அதில் 50 முதல் 70 சதவீதம் மிதமான உழைப்பு என்பர். அதாவது 84 முதல் 118 வரை. 2001இல் வெளியான ஆய்வொன்று 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி ஏறத்தாழ 172. இரண்டும் பலரை அளந்து பெற்ற சராசரிகளே. ஒருவரின் உண்மையான உச்சம் இதற்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புக் கூடியும் குறைந்தும் இருத்தல் இயல்பு.

தம்பி, இனிச் சொல்வதை நன்றாகக் கவனிக்க. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் அட்டெனலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்றவை இதயத்தின் வேகத்தையே அடக்குவன. அவற்றை உண்பவர் எவ்வளவு முயன்றாலும் துடிப்பு சூத்திரம் சொல்லும் அளவுக்கு ஏறாது. கருவி காட்டும் எண் குறைவாயிருக்கிறதே என்று அவர் மேலும் மேலும் தம்மை வருத்துவாராயின், நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த பொருளே அவருக்குத் தீங்காய் முடியும். நீரிழிவு நெடுநாள் இருந்தால் நரம்புகள் தளர்ந்து, இதயத்துக்கு இரத்தம் போதாதபோதும் நெஞ்சுவலி தோன்றாமற் போகலாம். இன்சுலின் போடுவோருக்கும் சிலவகை நீரிழிவு மாத்திரை உண்போருக்கும் பயிற்சியின்போது சர்க்கரை மிகத் தாழ்ந்தால், வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வரும். அதனை உழைப்பின் விளைவென்று எண்ணி விட்டுவிடலாகாது.

ஆகையால் முதலிற் பெறவேண்டியது கருவியன்று, ஓர் எண். தந்தையார் தாம் உண்ணும் மாத்திரைகளை வைத்தியரிடம் காட்டி, தாம் எத்துணைத் துடிப்புவரை உழைக்கலாம், நடைப்பொறியிற் செய்யும் இதயப் பரிசோதனை தமக்கு வேண்டுமா என்று கேட்டறிதல் வேண்டும். அந்த எண் கிடைத்த பின்னரே எந்தக் கருவிக்கும் பயன் உண்டு.

கருவியோடு உடம்பின் சொல்லையும் கேட்டல் நன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் நடந்துகொண்டே அரோகரா சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நடக்கையிற் பேச முடிந்து, ஆனால் நீட்டிப் பாட முடியாதிருப்பின் அது மிதமான உழைப்பு. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் உழைப்பு. மாத்திரை உண்போருக்கும் இந்தச் சோதனை பொய்க்காது.

நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்று, காரணமில்லாக் குளிர்வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே நிறுத்துதல் வேண்டும். கருவி நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று காத்திருத்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தாற் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். வட மாகாணத்துக்கு இச்சேவை 2018இல் வந்தது. இவ்விலக்கத்தை வீட்டார் யாவரும் மனனஞ் செய்துகொள்க.

இனி வாங்குமிடத்து நோக்கவேண்டியன சில. பட்டியில் எண்ணைக் காட்டும் முகம் இல்லை. கைத்தொலைபேசியோ பொருந்தும் மணிக்கூடோ உடன் வேண்டும். நம்மிடமுள்ள தொலைபேசியோடு அது இணைகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்க. பல பட்டிகளில் நாணய வடிவ மின்கலம் உண்டு. அதனை எளிதில் மாற்றலாம். ஆனாற் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாதலின், பழைய மின்கலத்தையும் அவர்கள் கைக்கு எட்டவிடல் ஆகாது. வியர்வை உப்பாற் பட்டி கெடும். ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றி, துணியை நீரில் அலசி நிழலில் உலர்த்துக. உறக்கத்தையும் அடியையும் எண்ணும் பல அலங்காரங்களுக்காக மிகுந்த விலை கொடுக்க வேண்டா.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை எழுதிப் பழகும் மாணவருக்கு, அளவீட்டுக் கருவிக்கு வழு உண்டு என்பதை விளக்க வேண்டுவதில்லை. வாங்கிய கருவியை நீங்களே சோதிக்கலாம். தந்தையார் பத்து நிமிடம் அமர்ந்திருந்தபின் விரலால் எண்ணி, கருவியின் எண்ணோடு ஒப்பிடுக. நடந்து நின்றவுடன் மறுபடியும் ஒப்பிடுக. ஐந்துக்குள் வேறுபட்டால் நம்பலாம்.

முடிவாக நம் கருத்து இது. தந்தையார் செய்வது நடையாதலின், சாதாரண மணிக்கூடு ஒன்று அவருக்குப் போதும். பிற்காலத்தில் ஓடத் தொடங்கினாற் பட்டியை வாங்கிக்கொள்ளலாம். அதனோடு ஒரு கொப்பியும் வாங்குக. காலையில் எழுமுன் உள்ள நாடி, நடக்கும்போது உள்ள நாடி, அன்று உடம்பு எப்படியிருந்தது என்னும் மூன்றையும் அவர் அதிற் குறித்து வரட்டும். அடுத்த கிளினிக் நாளில் அக்கொப்பியை வைத்தியரிடம் காட்டினால், மாத்திரையும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்வார்.