மக்காச்சோளத்தின் தரத்துக்கும் ஒரு விலை வேண்டும்

தமிழக வேளாண்மைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் போன்ற ஊர்களின் தீவன ஆலைகளுக்கே போய்ச் சேர்கிறது என்பதும், கோழித்தீவனத்தின் எடையில் ஏறக்குறைய பாதி அதுவே என்பதும் தாங்கள் அறிந்தவையே. அம்மக்காச்சோளத்தின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால், அக்குறையைச் சோயாப் புண்ணாக்கு கொண்டு நிரப்பப் பண்ணையாளர் பெரும்பணம் செலவிடுகின்றனர்.

1964-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் லைசின் மிகுந்த ரகத்தைக் கண்டறிந்ததும், மெக்ஸிகோவில் சுரீந்தர் வாசலும் எவாஞ்செலினா வியேகாஸும் பல்லாண்டுப் பிரயாசையால் அதன் மணியைக் கெட்டிப்படுத்தி 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றதும், அவ்வழியில் ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம் எச்.க்யூ.பி.எம்.-1 என்ற வீரிய ஒட்டு ரகத்தை அளித்ததும் பழைய செய்திகள். சாதாரண மக்காச்சோளம் நூறு கிலோவில் ஏறத்தாழ 250 கிராம் லைசின் இருக்க, இவ்வகையில் 400 கிராம் அளவுக்கு இருக்கிறது. மிகுதியான 150 கிராம், ஐந்து கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சோயாப் புண்ணாக்கிலுள்ள லைசினுக்குச் சமம். பன்றி வளர்ப்போருக்கு இதன் பிரயோஜனம் அதிகம். முட்டைக்கோழிக்கோ முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலம் ஆகையால், அதைத் தனியே வாங்கியே தீரவேண்டும். கறவை மாட்டுக்கு இதனால் விசேஷ லாபமில்லை. இவ்வரம்புகளை மறைத்து விவசாயிக்கு ஆசை காட்டுவது தர்மமாகாது.

ஆயினும் களத்தில் நடப்பது என்ன? வியாபாரி குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லால் கடித்து ஈரம் பார்த்து, பூஞ்சை உண்டா என்று முகர்ந்து, விலை சொல்லிவிடுகிறார். லைசினைப் பல்லால் அறிய முடியாது. அறியமுடியாத குணத்துக்கு ஒரு காசும் கிடைக்காதபோது, படைப்புழுவோடு போராடிக் கடன்பட்டிருக்கும் குடியானவர் புது விதையை ஏன் நாடுவார்? மேலும், அண்டை வயலின் சாதாரண மகரந்தம் விழுந்தால் அந்த மணியில் இக்குணம் கெட்டுவிடும் ஆதலால், ஒருவர் மட்டும் விதைத்துப் பயனில்லை. ஊரே சேர்ந்து விதைக்கவேண்டும்.

ஆதலின், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் சிலவற்றிலேனும் மாதிரி எடுத்து லைசின் சோதிக்கும் வசதியும், லைசின் மிகுந்த மூட்டைகளைத் தனியே அடுக்கக் கிடங்கும், இரண்டு மூன்று கிராமங்கள் ஒருசேரப் பயிரிடுமாறு தீவன ஆலைகளோடு விதைப்புக்கு முன்பே எழுதிக்கொள்ளும் விலை ஒப்பந்தமும் ஏற்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன். லைசின் மிகுதிக்காகத் தரும் உபரி விலை, ஆலைக்கு மிச்சமாகும் புண்ணாக்கின் மதிப்பில் பாதியாவது இருக்கட்டும். புரட்டாசிப் பட்டத்துக்கு முன் உத்தரவு பிறந்தால் இவ்வாண்டே தொடங்கலாம்.

தங்கள் அன்புள்ள,
ஒரு விவசாயி