'ஓடும்' என்பது பதிலல்ல

"அண்ணை, இதில வலொரன்ட் ஓடுமா?"

"ஓமோம், ஓடும் தம்பி. கிராபிக்ஸ் கார்ட் இருக்குத்தானே."

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ, லப்டொப் விற்கிற எந்தக் கடையிலும் ஒரு மணித்தியாலம் சும்மா நின்று பாருங்கள். இந்த இரண்டு வரியையும் கேட்காமல் வெளியே வரமாட்டீர்கள். கேட்டவனுக்குத் திருப்தி, சொன்னவருக்கு வியாபாரம். இடையில் கனடாவிலிருந்து மாமா அனுப்பின காசோ, அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசோ கைமாறிவிடும். 2022இல் சில கிழமைகளுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போன நாடு இது. இங்கே ஒரு லப்டொப் பிழைத்துப்போனால் அடுத்தது எப்போது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய முடிவை ஒரு சொல்லில் முடிக்கிறோம்.

ஓடும் என்றால் என்ன? லான்ட்மாஸ்டரும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும். எப்ப போய்ச் சேரும், போய்ச் சேரேக்க இடுப்பு இருக்குமா எண்டதுதானே கேள்வி.

வலொரன்ட் 2020 ஜூனில் வந்தபோது அதைச் செய்த ரயட் கம்பனி மூன்று அளவு சொன்னது. செக்கனுக்கு 30 ஃபிரேம் வர இன்டெல் எச்.டி 4000 போதும். 60 வர ஜி.டி 730. 144க்கு மேலே வர ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ. இதில் எச்.டி 4000 என்பது 2012இல் வந்த புரொசெசர்களுக்குள் இருந்த சாமான். அதாவது பழைய லப்டொப்பிலும் கேம் திறக்கும், ஆள் நடப்பான், துவக்கு வெடிக்கும். ஆனால் 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 33 மில்லிசெக்கன். எதிரில் 144இல் விளையாடுகிறவனுக்கு அது 7 மில்லிசெக்கன். மூலையால் ஒருத்தன் எட்டிப் பார்க்கிற விளையாட்டில் அவன் உங்களைக் கண்டு சுட்ட பிறகுதான் உங்கள் திரையில் அவனுடைய தோள்மூட்டு தெரியும். தனியாக விளையாடும் கேம் என்றால் பரவாயில்லை, மெல்லமாக விளையாடிவிட்டுப் போகலாம். ஒன்லைன் கேமில் உங்கள் லப்டொப் இன்னொருத்தனுடைய லப்டொப்போடு போட்டி போடுகிறது. ரயட்டாவது மூன்று வரி எழுதியது. நாங்கள் முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு "ஓடும்" என்கிறோம்.

"கிராபிக்ஸ் கார்ட் இருக்கு" என்பதற்கு வருவோம். கடையில் ஒட்டியிருக்கிற துண்டில் "4 ஜீபி கிராபிக்ஸ்" என்று எழுதியிருக்கும். 8 ஜீபி ரேம் உள்ள, தனிக் கார்டே இல்லாத லப்டொப்பிலும் அப்படி எழுதலாம். ஏனென்றால் விண்டோஸ் ரேமில் பாதியை கிராபிக்ஸுக்குக் கடனாகக் கொடுக்கலாம் என்று கணக்குக் காட்டும். அது பகிர்ந்த மெமரி. உங்கள் குரோமும் டிஸ்கோர்டும் கேமும் எல்லாம் சேர்ந்து அடிபடுகிற அதே ரேம். டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் ஜி.பி.யுவைப் பாருங்கள். 'டெடிகேட்டட்' என்று ஒரு எண், 'ஷெயார்ட்' என்று ஒரு எண். விற்கிறவர் சொல்கிற 4 ஜீபி இரண்டாவது இடத்தில் இருந்தால் அங்கே தனிக் கார்ட் எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கணக்குத்தான். இதைப் பார்க்கப் பத்துச் செக்கன் போதும். பார்க்க விடாத கடையில் நிற்கத் தேவையில்லை.

அடுத்தது 'ஜெனரேஷன்' வியாபாரம். இது படித்த பெடியளையே ஏமாற்றுகிறது. பாவித்து வருகிற லப்டொப்கள் இங்கே நிறைய இறங்குகின்றன. அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்ட, நல்ல பலமான உடம்புள்ள மெஷின்கள். படிக்கிறதுக்கு அருமை, அதில் ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் "6ஆம் ஜெனரேஷன் வேண்டாம் தம்பி, இன்னும் முப்பதாயிரம் போட்டு 8ஆம் ஜெனரேஷன் எடு, கேமுக்கு நல்லம்" என்று சொல்வார்கள். 6ஆம் ஜெனரேஷன் ஐ5இல் இருக்கிற எச்.டி 520க்கும், 8ஆம் ஜெனரேஷன் ஐ5இல் இருக்கிற யு.எச்.டி 620க்கும் உள்ளே 24 எக்சிகியூஷன் யூனிட்தான். பெயருக்கு முன்னால் ஒரு 'யு' கூடியிருக்கிறது. புரொசெசரில் வித்தியாசம் உண்மை, இரண்டு கோர் நான்காகியிருக்கிறது, அதற்குக் காசு கொடுக்கலாம். கிராபிக்ஸுக்கென்று கொடுத்தால் அது தண்டம். அதே மாதிரித்தான் ஐ7 ஆசையும். ஐ5 8250யுவின் கிராபிக்ஸ் உச்சமாக 1100 மெகாஹேர்ட்ஸ், ஐ7 8550யுவின் கிராபிக்ஸ் 1150. அந்த 50க்கு எத்தனை ஆயிரம் வாங்குகிறார்கள் என்று நீங்களே விலை கேட்டுப் பாருங்கள்.

ஏ.எம்.டி பக்கம் வந்தால் இன்னும் கூத்து. ரைசன் 5 5500யுவில் 7 கிராபிக்ஸ் கோர். அதற்குப் பிறகு வந்த, எண்ணில் பெரிய ரைசன் 5 7520யுவில் 2 கோர்தான். புது ரகக் கோர் என்று வாதாடலாம், ஆனாலும் 2 இரண்டுதானே. எண் கூடினால் நல்லது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள், கம்பனிகளுக்கு அது வடிவாகத் தெரியும்.

இதையெல்லாம் கடைக்காரர் கண்டுபிடிக்கவில்லை. மேலே இருந்து வருகிறது. என்விடியாவின் எம்.எக்ஸ் 130 என்ற கார்ட், பழைய 940எம்.எக்ஸ்தான், பெயரை மாற்றி விட்டது. எம்.எக்ஸ் 150 என்ற பெயரில் இரண்டு கார்ட் வந்தன. ஒன்று 25 வாட்ஸ், மற்றது 10 வாட்ஸ். பெட்டியில் ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். 2018இல் ஒரு விமர்சனத் தளம் அளந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்கினவர்களுக்கே தெரிய வந்தது. இப்போதைய ஆர்.டி.எக்ஸ் வரிசையிலும் கதை அதேதான். லப்டொப்பில் வருகிற ஆர்.டி.எக்ஸ் 4050ஐ கம்பனிகள் 35 வாட்ஸில் இருந்து 115 வாட்ஸ் வரைக்கும் எப்படியும் பொருத்தலாம். ஆக மெல்லிய, பைக்குள் அழகாக வைக்கிற லப்டொப்பில் இருக்கிற 4050, தடித்த லப்டொப்பில் இருக்கிற 4050இடம் தோற்கும். சில வேளை தடித்த லப்டொப்பில் இருக்கிற பழைய கார்டிடமே தோற்கும். ஒரே பெயர் போட்டு இரண்டு சாமான் விற்பதை வேறு எந்தக் கடையில் நாங்கள் பொறுப்போம்? சம்பா எண்டு எழுதி நாட்டரிசி கட்டித் தந்தால் சண்டை பிடிக்கமாட்டோமா? பெயரைக் கேட்காதீர்கள், வாட்ஸைக் கேளுங்கள். என்விடியா கொன்ட்ரோல் பனலில் சிஸ்டம் இன்ஃபோமேஷன் என்ற இடத்தில் அது கிடக்கும்.

கார்டைப் பற்றி இவ்வளவு கதைத்தாலும், தனிக் கார்ட் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை ஒரு கடையிலும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அதில் புது லப்டொப் விற்க முடியாது. புரொசெசருக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ரேமில்தான் வாழ்க்கை. 8 ஜீபி ஒரு துண்டாக இருந்தால் தரவு போய்வர ஒரு பாதை. 4உம் 4உமாக இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை. டி.டி.ஆர்4 3200 என்றால் செக்கனுக்கு 25.6 ஜீபி, 51.2 ஜீபியாகிறது. இன்டெல் தன்னுடைய ஐரிஸ் எக்ஸ்.இ கிராபிக்ஸுக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைத்தது: ஒரு துண்டு ரேம் மட்டும் போட்டால் அதே சிப், விண்டோஸில் வெறும் 'யு.எச்.டி' என்றுதான் பெயர் காட்டும். யூடியூப்பில் "இந்த லப்டொப்பில் வலொரன்ட் டெஸ்ட்" என்று பார்த்து வாங்குகிறவர்கள், அந்த வீடியோக்காரன் எத்தனை துண்டு ரேம் போட்டிருக்கிறான் என்று பார்த்தீர்களா? டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லொட் பாவனையில் என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் புது லப்டொப் கனவை ஒத்திவைத்துவிட்டு ஒரு ரேம் துண்டு வாங்கிப் போடுங்கள். சில மெல்லிய லப்டொப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும். அவைக்கு இந்த வழி இல்லை, அதனால் வாங்க முதலே கேளுங்கள்.

'லாக்' என்ற சொல்லும் எங்களைக் கெடுக்கிறது. படம் வெட்டி வெட்டி நகர்ந்தாலும் லாக், சுட்ட குண்டு படாமல் போனாலும் லாக். முதலாவது கார்டின் வேலை. இரண்டாவது பெரும்பாலும் லைனின் வேலை. இலங்கையில் இருந்து வலொரன்ட் விளையாடினால் மும்பை அல்லது சிங்கப்பூர் சேர்வருக்குத்தான் போகவேண்டும். பின்னேரம் ஊரே ரௌட்டரில் படம் பார்க்கிற நேரத்தில் பிங் ஏறினால் அதை எந்த ஆர்.டி.எக்ஸும் இறக்கித் தராது. கேமின் செட்டிங்ஸில் ஃபிரேம் எண்ணையும் பிங் எண்ணையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். ஒரு கிழமை இரண்டையும் பார்த்துக்கொண்டே விளையாடுங்கள். ஃபிரேம் 60க்கு மேலே அசையாமல் நிற்கிறது, பிங்தான் துள்ளுகிறது என்றால் உங்கள் லப்டொப்புக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சூடு. இதை எழுதாமல் விட ஏலாது. கடையில் ஏசி போட்ட அறையில், மேசையில், சார்ஜர் குத்தி, ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் அறையில் சித்திரை வெயில், மேலே அஸ்பெஸ்டஸ் சீற், கீழே மெத்தை. அரை மணித்தியாலத்தில் சிப் தன்னைத்தான் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். முதலாவது ரவுண்டில் 90 காட்டினது பதினைந்தாவது ரவுண்டில் 50க்கு வரும், அதுவும் நாலு பேர் சேர்ந்து புகை அடிக்கிற இடத்தில். சார்ஜரைக் கழற்றினால் இன்னும் கீழே. பயிற்சி மைதானத்தில் தனியாக நின்று எடுத்த ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டி "140 வருது மச்சான்" என்று மார்க்கெட்பிளேசில் விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒன்லைன் கேமுக்கு இன்னொரு குணம்: அது மாறிக்கொண்டே இருக்கும், லப்டொப் மாறாது. கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவுக்கு 2 ஜீபி ரேமும் 15 ஜீபி இடமும் போதுமென்றிருந்தது. 2023 செப்டெம்பர் 27ஆம் திகதி அதன் இடத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. கேட்டது 8 ஜீபி ரேம், 85 ஜீபி இடம். பழையதில் சந்தோசமாக விளையாடிய எத்தனையோ பேர் ஒரு அப்டேட்டில் வெளியே நின்றார்கள். அதனால் "இப்ப ஓடுது" என்பதும் முழுப் பதில் இல்லை. சில நேரம் கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கதவு பூட்டும். வலொரன்டின் வான்கார்ட், விண்டோஸ் 11இல் டி.பி.எம் 2.0உம் செக்கியூர் பூட்டும் கேட்கும். பழைய லப்டொப்பில் சுத்துமாத்துச் செய்து விண்டோஸ் 11 அடித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், கேம் திறக்காது.

"இவ்வளவு எதுக்கு? லப்டொப் படிக்கத்தானே வாங்குறது?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் நடக்கிற ஏமாற்று வேலையில் பாதி, உங்கள் முகத்துக்குப் பயந்துதான் நடக்கிறது. ஏ.எல் முடித்த மகன் அப்பாவோடு கடைக்கு வருகிறான். 'கம்பஸ் வேலைக்கு' என்று சொல்லித்தான் காசு வந்திருக்கிறது. அப்பா பக்கத்தில் நிற்க அவன் எப்படி வாட்ஸ் கேட்பான், எப்படிக் கேமைப் போட்டுக் காட்டச் சொல்வான்? அப்பா பில்லைப் பார்க்கிற இடைவெளியில், கடைக்காரரின் காதுக்குள் "அண்ணை, ஓடுமா?" என்று மட்டும் கேட்பான். அவரும் கண்ணைக் காட்டி "ஓடும்" என்பார். ஒளித்துக் கேட்கிற கேள்விக்கு ஒளித்துத்தான் பதில் வரும். பெட்டைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம்: அவர்கள் கேட்டால் கடைக்காரர் முதலில் சிரிப்பார், பிறகு ரோஸ் நிற மவுஸ் ஒன்றை எடுத்துக் காட்டுவார். கிராபிக்ஸ் கார்ட் கேமுக்கு மட்டுமானதும் இல்லை. வீடியோ வெட்டுகிறவர்களுக்கும், பிளெண்டரில் வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டுப் படம் கீறுகிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான். மகன் விளையாடுவான் என்பதை ஒத்துக்கொண்டு கடைக்குப் போனால், குறைந்தது உங்கள் காசாவது தப்பும்.

டெஸ்க்டொப் வாங்கு, அதே காசுக்கு இரட்டிப்பு வேகம் என்று சொல்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். கணக்குச் சரி. ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதைப் பார்த்த ஆக்களிடம், நாலு பேர் படுக்கிற போர்டிங் அறையில் இருக்கிற ஆக்களிடம், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து ஞாயிறு திரும்புகிற ஆக்களிடம் அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. லப்டொப்தான் எங்களுக்கு வாய்த்தது.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி நீளமானது, கொஞ்சம் வெட்கத்தை விட்டுத்தான் கேட்கவேண்டும்: இந்தக் கேம், இந்தத் திரை அளவில், லோ செட்டிங்ஸில், அரை மணித்தியாலம் விளையாடின பிறகு, ஆகக் குறைந்தது எத்தனை ஃபிரேம்? திரை அளவைக் கட்டாயம் சேருங்கள். 1920க்கு 1080 என்றால் 1366க்கு 768ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள், கார்டுக்கு அவ்வளவு வேலை. பிறகு கடையின் வைஃபையில் கேமை இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரமெடுக்கும், போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். கார்டின் முழுப் பெயர், வாட்ஸ், ரேம் எத்தனை துண்டு என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் எழுதுறேல்ல தம்பி" என்றால், அடுத்த கடை அதே ரோட்டில்தான்.